நெகிழியைத் தின்னும் பாக்டீரியாவைக் குப்பைமேட்டில் தெளித்தால் பலன் கிடைக்குமா?

கேள்வி: பாலாற்றங்கரை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பேரூராட்சியின் எல்லையில், ஏரிக்கரையை ஒட்டி ஒரு பழைய குப்பைமேடு இருக்கிறது. வீடுகளிலிருந்து வரும் காய்கறிக் கழிவை ஓரளவு பிரித்து உரமாக்கிவிடுகிறோம்; மேட்டில் எஞ்சிக் கிடப்பவை பெரும்பாலும் பால் பாக்கெட் உறைகள், மளிகைக் கடைப் பைகள், சிப்ஸ் பொட்டலங்கள், அவற்றுக்கு நடுவே தண்ணீர்ப் பாட்டில்கள். அண்மையில் ஒரு விற்பனையாளர் எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தை அணுகி, பழுப்பு நிறத் தூள் ஒன்றைக் காட்டினார். வெல்லம் கரைத்த நீரில் அதை ஓர் இரவு ஊறவைத்து மேட்டின்மீது தெளித்தால், அதிலுள்ள நுண்ணுயிர்களும் நொதிகளும் ஆறு மாதத்தில் எல்லா வகை நெகிழியையும் மண்ணாக்கிவிடும் என்கிறார். சான்றாக அவர் நீட்டியது, ஜப்பானில் கண்டறியப்பட்டு 2016இல் வெளியுலகுக்குத் தெரிந்த நெகிழி தின்னும் பாக்டீரியா பற்றிய ஒரு செய்தித்தாள் நறுக்கு.

சங்கத்தில் பாதிப் பேர் வாங்கித்தான் பார்ப்போமே என்கிறார்கள். மீதிப் பேர் இது ஏமாற்று வேலை என்கிறார்கள். இரு தரப்பும் விவரம் தெரியாமலே வாதிடுகிறோம் என்பதுதான் என் கவலை. அந்த ஜப்பானியக் கண்டுபிடிப்பு உண்மைதானா, உண்மையென்றால் எங்கள் மேட்டில் கிடக்கும் பொருள்களுக்கு அது பொருந்துமா, விற்பனையாளரிடம் எந்தச் சான்றைக் கேட்க வேண்டும் என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: கரிமவேதி

கண்டுபிடிப்பு உண்மை, அதில் ஐயம் வேண்டாம். ஆனால் அது தண்ணீர்ப் பாட்டில் செய்யப்படும் பெட் (PET) என்னும் ஒரே ஒரு வகை நெகிழியைப் பற்றியது. உங்கள் மேட்டில் அந்த வகை சிறுபான்மை. இதைச் சற்று விரிவாகச் சொன்னால்தான் சங்கத்தில் எடுத்துரைக்க உங்களுக்கு வசதியாக இருக்கும்.

ஒசாகாவை அடுத்த சகாய் நகரில், பெட் பாட்டில்களை மறுசுழற்சி செய்யும் இடத்தின் சுற்றுப்புறத்திலிருந்து படிவு, மண், கழிவுநீர், கசடு என 250 மாதிரிகளை கியோட்டோ தொழில்நுட்பக் கழகத்தின் கோஹெய் ஓடா குழுவினர் திரட்டினர். அவற்றில் மெல்லிய பெட் படலத் துண்டுகளை இட்டு, எதில் படலம் அரிக்கப்படுகிறது என்று கவனித்தனர். ஒரு மாதிரியில், படலத்தின் மேற்பரப்பில் பாக்டீரியாவும் ஈஸ்ட் போன்ற உயிரணுக்களும் புரோட்டோசோவாவும் கலந்த ஒரு கூட்டம் ஒட்டி வளர்ந்தது. அந்தக் கூட்டத்திலிருந்து தனியே பிரித்தெடுக்கப்பட்டதுதான் ஐடியோனெல்லா சகையென்சிஸ். ஊரின் பெயரே அதற்கு இடப்பட்டது. ஆய்வு 2016 மார்ச்சில் சயின்ஸ் இதழில் வெளியானது. அதிலுள்ள மின்னணு நுண்ணோக்கிப் படங்களைப் பார்த்தால், அந்த உயிரணுக்கள் இழை போன்ற நீட்சிகளால் படலத்தைப் பற்றிக்கொண்டிருப்பதும், அவற்றைக் கழுவி அகற்றிய பிறகு படலம் குழிகுழியாக அரிக்கப்பட்டிருப்பதும் தெளிவாகத் தெரியும். 30 பாகை செல்சியஸில் ஆறு வாரத்தில் படலம் ஏறத்தாழ முழுவதும் சிதைந்துபோனது.

இந்த வேலையை அந்த பாக்டீரியா இரண்டு நொதிகளைக் கொண்டு செய்கிறது. முதலாவது, உயிரணுவுக்கு வெளியே சுரக்கும் பெட்டேஸ். அது நீண்ட சங்கிலியை வெட்டி, பெரும்பாலும் எம்ஹெட் எனப்படும் சிறு துண்டுகளாக்குகிறது. எம்ஹெட்டேஸ் என்னும் இரண்டாம் நொதி அத்துண்டுகளை டெரெப்தாலிக் அமிலமாகவும் எத்திலீன் கிளைக்காலாகவும் பிரிக்கிறது. பெட் எந்த இரண்டு மூலப்பொருள்களிலிருந்து செய்யப்பட்டதோ, அவையேதாம் இவை. பெட் என்னும் பொருளை மான்செஸ்டரில் வின்ஃபீல்டும் டிக்சனும் உருவாக்கியது 1941இல். அதை உணவாக்கிக்கொள்ளும் ஓர் உயிரி முக்கால் நூற்றாண்டுக்குள் ஒரு மறுசுழற்சி நிலையத்தின் ஓரத்தில் அகப்பட்டது என்பதுதான் அறிவியலாளர்களை வியப்பில் ஆழ்த்தியது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். பெட் சங்கிலியின் கண்ணிகளை இணைப்பது எஸ்டர் பிணைப்பு. நீர் மூலக்கூறு ஒன்றைப் புகுத்தி அதைப் பிளக்கலாம். நெய், எண்ணெய், இலையின் மேல்தோல் என இயற்கையில் எஸ்டர் பிணைப்பு எங்கும் உண்டு. ஆகவே அதை வெட்டும் நொதிகளும் நெடுங்காலமாக உண்டு, அவற்றுள் சில சிறிது மாறிப் பெட்டையும் வெட்டப் பழகிக்கொண்டன. பாலித்தீனிலும் பாலிபுரொப்பிலீனிலும் அப்படிப் பிளப்பதற்கான இடமே கிடையாது. முதுகெலும்பு முழுவதும் கார்பனும் கார்பனும் நேரடியாகப் பிணைந்தவை. நீரைக் கொண்டு அதை வெட்ட முடியாது, முதலில் ஆக்சிஜனைச் சேர்த்தாக வேண்டும், அதுவும் எளிதில் சேராது. உங்கள் பால் உறையும் கடைப் பையும் பாலித்தீன். சிப்ஸ் பொட்டலம் பெரும்பாலும் அலுமினியப் பூச்சு ஏற்றிய பாலிபுரொப்பிலீன். பெட்டேஸ் நொதியைக் குடம் குடமாக ஊற்றினாலும் இவற்றை அது தொடாது.

அப்படியானால் பாட்டில்களையாவது தின்னுமா என்றால், அங்கும் ஒரு தடை இருக்கிறது. சகாய் ஆய்வில் பயன்பட்ட படலத்தின் படிகத்தன்மை 1.9 விழுக்காடு மட்டுமே. அதாவது அதன் சங்கிலிகள் ஒழுங்கின்றித் தளர்வாகக் கிடந்தன. பாட்டில் செய்யும்போது நெகிழியை ஊதி, இழுத்து விரிப்பதால், அதன் சுவரில் சங்கிலிகள் வரிசையாக நெருங்கி, நொதி உள்நுழைய இடமின்றி இறுகிவிடுகின்றன. பாட்டிலின் கழுத்து இழுபடுவதில்லை என்பதால் அது மட்டும் தளர்வாகவே இருக்கிறது. இந்த வேறுபாட்டை வீட்டிலேயே பார்க்கலாம்: பழைய தண்ணீர்ப் பாட்டிலில் கொதிநீரை ஊற்றினால் உடல் பகுதி சுருங்கிக் கோணலாகும், கழுத்து பெரும்பாலும் அப்படியே நிற்கும். இழுத்துப் பிடித்த சங்கிலிகள் வெப்பத்தில் விடுபட்டுச் சுருள்வதே அதற்குக் காரணம்.

வேகத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். சகாயின் நுண்ணுயிர்க் கூட்டம் அந்தத் தளர்வான படலத்தைச் சிதைத்த வேகம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நாளொன்றுக்கு 0.13 மில்லிகிராம். பெட்டின் அடர்த்தியைக் கொண்டு வகுத்தால், நாளுக்கு ஒரு மைக்ரானுக்கும் சற்றுக் குறைந்த கனம்தான் கரைகிறது. ஆய்வகத்தில் ஊட்டம், வெப்பம், கலக்கல் எல்லாம் கொடுத்துப் பெற்ற வேகம் அது.

மறுமொழி: பஞ்சாலைக்காரன்

கரிமவேதி கூறியவற்றோடு உடன்படுகிறேன். ஆனால் அத்துடன் நிறுத்தினால், நொதிகளால் பயனே இல்லை என்று படிப்பவர்கள் எண்ணிவிடுவார்கள். பாலியெஸ்டர் இழைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் ஆலைப் பக்கத்தைச் சொல்கிறேன்.

தொழில்துறையில் இன்று முன்னணியில் நிற்பது சகாய் நொதி அன்று. அதன் பெட்டேஸ் 40 பாகையைத் தாண்டினாலே தள்ளாடத் தொடங்கிவிடும். பெட் சங்கிலிகள் நெகிழ்ந்து கொடுப்பதோ நீரில் 65 முதல் 70 பாகை வரையில். இந்த இரண்டையும் பொருத்த வேண்டுமானால் வெப்பத்தைத் தாங்கும் நொதி தேவை. 2012இல் ஒசாகா பல்கலைக்கழகத்தினர் அங்குள்ள எக்ஸ்போ பூங்காவின் இலை-கிளை மக்குரத்திலிருந்து நேரடியாக டிஎன்ஏவைப் பிரித்தெடுத்தார்கள். எந்த உயிரியையும் வளர்க்காமலேயே, அதில் பொதிந்திருந்த ஒரு நொதியின் மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். இலையின் மேல்தோலில் உள்ள க்யூட்டின் என்னும் இயற்கைப் பாலியெஸ்டரைச் சிதைக்கும் க்யூட்டினேஸ் வகையைச் சேர்ந்தது அது. சருகு மக்கும் குவியல் இயல்பாகவே சூடாகும் அல்லவா, அந்தச் சூட்டில் வேலை செய்யும் உயிரியின் நொதி வெப்பம் தாங்குவதில் வியப்பில்லை.

பிரான்சின் துலூஸ் நகர ஆய்வாளர்களும் கார்பியோஸ் நிறுவனமும் சேர்ந்து இந்த நொதியில் நான்கு இடங்களில் அமினோ அமிலத்தை மாற்றி, 2020 ஏப்ரலில் நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். மாற்றம் செய்வதற்கு முன்பே அந்நொதி 84 பாகைக்கு மேல்தான் குலையும் என்றாலும், அதற்குக் கால்சியத்தின் துணை இருந்தால்தான் நிலைப்பு இன்னும் கூடியது. கால்சியம் அமரும் இடத்தில் சிஸ்டீன் என்னும் கந்தகமுள்ள அமினோ அமிலம் இரண்டை வைத்து, அவற்றுக்கிடையே கந்தகப் பாலம் ஒன்றைப் போட்டுவிட்டார்கள். என்னைக் கேட்டால் அந்த ஆய்வின் மிக அழகான பகுதி அதுதான். முடிவில், 72 பாகையில், ஒரு கிராம் பெட்டுக்கு 3 மில்லிகிராம் நொதி என்ற அளவில், 10 மணி நேரத்தில் 90 விழுக்காடு பெட் அதன் மூலப்பொருள்களாகப் பிரிந்தது. 75 பாகைக்குப் போயிருந்தால் இன்னும் விரைவாக முடிந்திருக்குமே என்று தோன்றலாம். அந்தச் சூட்டில் பெட் மீண்டும் படிகமாக இறுகும் வேகமும் கூடிவிடுகிறது. நொதி வெட்டி முடிப்பதற்குள் வாசல் அடைபட்டுவிடும்.

இந்த எண்களைப் படிக்கும்போது ஒன்றை மறந்துவிடக் கூடாது. உலைக்குள் போனது குப்பையிலிருந்து எடுத்த பாட்டில் அப்படியே அன்று. கழுவி, துண்டாக்கி, உருக்கி, சட்டென்று குளிர்வித்துத் தளர்வாக்கி, மாவாக அரைத்த பிறகுதான் அது நொதியைச் சந்திக்கிறது. வினை நடக்க நடக்க அமிலம் வெளிப்பட்டு நீர் புளித்துக்கொண்டே வரும். அப்படியே விட்டால் நொதி ஓய்ந்துவிடும் என்பதால் சோடியம் ஹைட்ராக்சைடைத் தொடர்ந்து சேர்க்க வேண்டும். கணக்குப் போட்டால் ஒரு கிலோ பெட்டுக்கு ஏறத்தாழ 400 கிராம் காரம் செலவாகும். பின்னர் டெரெப்தாலிக் அமிலத்தைத் திரும்பப் பெறக் கந்தக அமிலம் விட்டால், கிலோவுக்கு 700 கிராமுக்கு மேல் சோடியம் சல்பேட் துணைப்பொருளாகக் குவியும். நாளிதழ்கள் எழுதாத செலவு இது. நொதியின் விலையைவிட இந்த முன்வேலையும் பின்வேலையும்தான் கணக்கைத் தீர்மானிக்கின்றன.

போட்டியாளர்களும் உண்டு. 2022இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தினர் அந்நகரக் கல்லறைத் தோட்டத்து மக்குரத்திலிருந்து பிஎச்எல்7 என்னும் நொதியைக் கண்டெடுத்தனர். அது 70 பாகையில் 16 மணி நேரத்திற்குள் 90 விழுக்காட்டைச் சிதைத்தது. அதே ஆண்டில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஹால் ஆல்ப்பர் குழு, இயந்திரக் கற்றலைத் துணைக்கொண்டு சகாய் நொதியையே திருத்தி, 50 பாகையில் வேலை செய்யும் ஃபாஸ்ட் பெட்டேஸை உருவாக்கியது. கடைகளில் வாங்கிய 51 வகைப் பெட் பெட்டிகளையும் தட்டுகளையும் ஒரு வாரத்திற்குள் அது கரைத்தது. தட்டுகள் வெப்பத்தில் மெதுவாக வளைத்துச் செய்யப்படுபவை, பாட்டிலைப் போல் இறுக்கமானவை அல்ல என்பதை இங்கே சேர்த்தே படிக்க வேண்டும்.

கார்பியோஸ் 2021இல் கிளெர்மோன்-ஃபெரானில் செயல்விளக்க ஆலையைத் தொடங்கியது. ஆண்டுக்கு 50,000 டன் பெட் கழிவைக் கையாளும் பெரிய ஆலையை லோங்லாவில் என்னும் ஊரில் கட்டுவதாக அறிவித்தது. நிதி திரட்டுவதில் ஏற்பட்ட தாமதத்தால் கட்டுமானம் தள்ளிப்போயிற்று. ஆக, இது குப்பைமேட்டில் தெளிக்கும் மருந்தே அன்று. பிரித்து, சுத்தம் செய்து, ஆலைக்குக் கொண்டுசேர்த்த பெட்டுக்கான வேதியியல் முறை.

ஆயினும் இதற்குப் பெரும் எதிர்காலம் துணியில் இருக்கிறது என்பது என் கருத்து. உலகில் ஆண்டுதோறும் 6 கோடி டன்னுக்கு மேல் பாலியெஸ்டர் இழை உற்பத்தியாகிறது. எல்லா இழைகளையும் சேர்த்தால் பாதிக்கு மேல் அதுதான். நிறமற்ற பாட்டிலை உருக்கி மறுபடி பயன்படுத்தலாம், ஆனால் சாயமேற்றிப் பருத்தியோடு கலந்து நெய்த துணியை உருக்கிப் பயனில்லை. நொதி மட்டும்தான் பருத்தியைத் தொடாமல் பாலியெஸ்டரை மட்டும் பிரித்தெடுக்கும்.

மறுமொழி: கரிமவேதி

துணியைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி, ஆனால் «நொதி மட்டும்தான்» என்பதை ஏற்க இயலாது. மெத்தனால் கொண்டும் எத்திலீன் கிளைக்கால் கொண்டும் பெட்டைப் பிரிக்கும் வேதிமுறைகள் முன்பே ஆலைகளில் உள்ளன. மேலும் துணியின் இழை பாட்டிலைவிட இறுக்கமாக இழுக்கப்பட்டது. அதையும் உருக்கித் தளர்த்திய பிறகே நொதிக்குக் கொடுக்க வேண்டும். நிறமற்ற பாட்டிலுக்கு நொதிமுறை தேவையே இல்லை என்பதில் மட்டும் நாம் இருவரும் ஒத்துப்போகிறோம். பழைய பொருள் வாங்குபவர் எடைக்குக் காசு கொடுத்து அதை எடுத்துச் செல்கிறார்; ஏரிக்கரை மேட்டில் கிடக்கும் பாட்டில்களுக்கும் அதுவே நல்ல வழி.

கேள்வி கேட்டவர்: பாலாற்றங்கரை

இருவருக்கும் மிக்க நன்றி. இரண்டு ஐயங்கள் எஞ்சுகின்றன. சங்க உறுப்பினர் ஒருவர், பாலித்தீன் பையைப் புழுக்கள் துளைத்துத் தின்னும் காணொளி ஒன்றைக் காட்டி, பாலித்தீனை உயிரிகள் தொடாது என்று எப்படிச் சொல்லலாம் என்று கேட்கிறார். இன்னொருவர், எங்கள் உரக்குழியே கையை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகிறதே, அதில் பாட்டிலைப் போட்டால் அந்த 70 பாகை கிடைத்துவிடாதா என்கிறார்.

மறுமொழி: நுண்ணோக்கி

நுண்ணுயிரியல் பக்கத்திலிருந்து நான் விடையளிக்கிறேன்.

அந்தப் புழு தேன்கூட்டு மெழுகைத் தின்னும் அந்துப்பூச்சியின் புழுவாக இருக்கக்கூடும். ஸ்பெயினில் பணியாற்றிய உயிரியலாளர் ஃபெடெரிகா பெர்ட்டோச்சினி தேனீ வளர்ப்பிலும் ஈடுபாடு கொண்டவர். தேன்கூட்டிலிருந்து பொறுக்கிய புழுக்களை அவர் நெகிழிப் பையில் போட்டு வைத்திருந்தபோது பை துளைத்துளையாகிப்போனதைக் கண்டார். அதிலிருந்து பிறந்த ஆய்வு 2017இல் வெளியானது. புழுக்களை அரைத்த கூழைப் பாலித்தீனின்மீது பூசியபோதும் சிதைவு நடந்தது, எத்திலீன் கிளைக்கால் உண்டானது என்று அதில் கூறப்பட்டிருந்தது. அதே ஆண்டில் ஜெர்மனியின் மைன்ஸ் நகர ஆய்வாளர்கள் இதை மறுத்தார்கள்: அகச்சிவப்பு நிறமாலையில் தெரிந்த அடையாளங்கள், கூழில் உள்ள புரதமும் கொழுப்பும் படலத்தில் ஒட்டிக்கொண்டதால்கூட வந்திருக்கலாம் என்றார்கள். பெர்ட்டோச்சினி குழு 2022இல் அப்புழுவின் உமிழ்நீரிலிருந்து டிமீட்டர், சிரீஸ் என்னும் பெண் தெய்வங்களின் பெயர் சூட்டிய இரு நொதிகளை அறிவித்தது. அவை பாலித்தீனை ஆக்சிஜனேற்றம் செய்கின்றன என்பது அவர்கள் கூற்று. ஆக்சிஜன் ஏறுவது வேறு, முழு நெகிழியும் செரிமானமாகி மறைவது வேறு. புழு கடித்துத் துப்பினாலும் பையில் துளை விழும் என்பதைக் காணொளி பார்ப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

பாலித்தீன் ஆய்வுகளில் இந்தக் குழப்பம் ஓயாமல் வருகிறது. மண்ணிலிருந்து ஒரு பூஞ்சையைப் பிரித்தோம், அதில் பையை இட்டோம், சில மாதங்களில் எடை இத்தனை விழுக்காடு குறைந்தது என்று எழுதும் கட்டுரைகள் ஏராளம். கடையில் வாங்கும் பை தூய பாலித்தீன் அன்று. அதில் நிறமி, சுண்ணாம்புத் தூள், வழுக்குப் பொருள், மெழுகு போன்ற குட்டைச் சங்கிலிகள் எல்லாம் கலந்திருக்கும். நுண்ணுயிர் இவற்றைத் தின்றாலும், இவை நீரில் கசிந்து போனாலும் எடை குறையும். நெடுஞ்சங்கிலி ஒன்றுகூட அறுபடாமல் இருக்கக்கூடும். வேர்க்கடலைக் கொத்திலிருந்து மண் உதிர்ந்ததைக் கடலை குறைந்துவிட்டதாகக் கணக்கெழுதுவது போன்றது இது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும் முறை ஒன்று உண்டு. கார்பன்-13 என்னும் சற்றுக் கனமான கார்பன் அணுக்களால் பாலித்தீனைத் தனியாகச் செய்து, அதை நுண்ணுயிருக்குக் கொடுக்க வேண்டும். வெளிவரும் கார்பன் டைஆக்சைடில் அந்தக் கனமான கார்பன் இருந்தால், அது நெகிழியிலிருந்தே வந்தது என்பதை மறுக்க வழியில்லை. நெதர்லாந்தின் கடல் ஆய்வு நிறுவனத்தார் இப்படிச் செய்திருக்கிறார்கள். ரோடோகாக்கஸ் ரூபர் என்னும் பாக்டீரியாவைக் கொண்டு 2023இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், நெகிழி உண்மையிலேயே செரிக்கப்பட்டது, ஆனால் ஆண்டுக்கு ஒரு விழுக்காடு அளவில். 2024இல் பாரென்ஜியோடான்டியம் ஆல்பம் என்னும் கடல் பூஞ்சையைக் கொண்டு செய்ததில், நாளுக்கு 0.05 விழுக்காடு கார்பன் டைஆக்சைடாக மாறியது. இரண்டிலும் பாலித்தீனை முதலில் புறஊதாக் கதிரில் வைத்து எடுத்தார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். கதிர் சங்கிலியில் ஆக்சிஜனை ஏற்றிக் கொடுத்த பிறகே உயிரிக்குப் பிடி கிடைக்கிறது. ஆகவே உங்கள் உறுப்பினருக்குச் சொல்ல வேண்டியது, பாலித்தீனை உயிரிகள் தொடவே மாட்டா என்பதன்று. வெயில் பட்டதை மிக மிக மெதுவாகத் தொடுகின்றன என்பது. குப்பைமேட்டின் உள்ளே வெயிலும் இல்லை, ஆக்சிஜனும் அரிது.

உரக்குழியைப் பற்றி: நன்றாகக் கட்டிய குழி 60 பாகையைத் தாண்டுவது உண்மை. ஆனால் அந்தச் சூடு சில நாள்களுக்குத்தான் நிற்கும். அதிலுள்ள க்யூட்டினேஸ் மிகச் சொற்ப அளவினது. பாட்டில் தளர்த்தி அரைக்கப்பட்டதும் அன்று. மாறாக, மக்கும் பை என்று முத்திரையிட்டு வருகின்ற பிஎல்ஏ, பிபிஏடி வகைப் பைகள் அந்தச் சூட்டில் உண்மையாகவே சிதையும். அவற்றிலும் எஸ்டர் பிணைப்புகள்தாம், அவையும் தளர்வானவை. இதை நான் குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. செயல்விளக்கம் காட்டுவதற்கு விற்பனையாளர் தாமே கொண்டுவரும் பை இந்த வகையாக இருந்தால், தூளே இல்லாவிட்டாலும் அது மக்கிப்போகும்.

எனவே சான்று கேட்கும்போது, முதலில் எந்தப் பாலிமர், அதாவது எந்த வகை நெகிழி, என்று எழுத்தில் கேளுங்கள். எல்லா நெகிழியும் என்பது விடையன்று. அடுத்து, எடைக் குறைவைக் காட்டும் அறிக்கையை ஏற்காமல், வெளியான கார்பன் டைஆக்சைடை அளந்த ஆய்வக அறிக்கையைக் கேளுங்கள். இந்தியாவில் மக்கும் நெகிழிக்கு ஐஎஸ்ஓ 17088 தரத்தின்படி, 58 பாகை மக்குரத்தில் 180 நாளுக்குள் 90 விழுக்காடு கார்பன் டைஆக்சைடாக மாற வேண்டும், 12 வாரத்தில் 2 மில்லிமீட்டர் சல்லடையில் தங்குவது பத்தில் ஒரு பங்குக்கு மிகக் கூடாது. பாலித்தீனை வைத்து இதைத் தாண்டிய தூள் எதுவும் இருந்தால் அது உலகத் தலைப்புச் செய்தியாகியிருக்கும். இன்னோர் எச்சரிக்கை: கோபால்ட், மாங்கனீஸ் உப்புகளைக் கொண்டு பாலித்தீனை நொறுங்கச் செய்யும் பொருள்களும் சந்தையில் உண்டு. பை கண்ணுக்குத் தெரியாமல் போகும், நுண்துகளாக ஏரியில் சேரும். இந்த வகை நெகிழியை ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் தடைசெய்தது.

மறுமொழி: ஐயனார்குளம்

எல்லோரும் முடியாது என்றே பேசுகிறீர்கள். நுண்ணுயிர்கள் பழகிக்கொள்ளும் தன்மை உடையவை அல்லவா? நைலான் ஆலைக் கழிவுநீரில் நைலானைத் தின்னும் பாக்டீரியாவை ஜப்பானியர்கள் 1975லேயே கண்டதாகப் படித்திருக்கிறேன். நைலான் தோன்றி நாற்பது ஆண்டுதான் ஆகியிருந்தது. அதே வேகத்தில் போனால் நாளை நம் வீட்டுத் தண்ணீர்க் குழாயையும் மேல்தொட்டியையும்கூட இவை தின்னத் தொடங்கிவிடாதா என்ற அச்சமும் எனக்கு இருக்கிறது.

மறுமொழி: நுண்ணோக்கி

அந்த பாக்டீரியா தின்றது நைலான் நூலை அன்று. நைலான் செய்யும்போது துணைப்பொருளாக உண்டாகி நீரில் கரைந்து வெளியேறும் குட்டைத் துண்டுகளை. கரையும் பொருள் உயிரணுவுக்குள் போகும், கரையாத நீள் சங்கிலி போகாது. தடையே அங்கேதான் இருக்கிறது. பரிணாமம் நடக்கும் என்பதை மறுக்கவில்லை, ஆனால் பெட்டில் முன்பே இருந்த ஒரு நொதியைச் சிறிது திருத்தினால் போதுமாயிருந்தது. பாலித்தீனுக்கு அப்படி ஒரு தொடக்கப்புள்ளி கிடைப்பது கடினம். குழாய் பிவிசி, தொட்டி பாலித்தீன். இரண்டும் கார்பன் முதுகெலும்பு கொண்டவை. வெயிலில் வெடிப்பதற்குத்தான் நீங்கள் அஞ்ச வேண்டும்.

கேள்வி கேட்டவர்: பாலாற்றங்கரை

விற்பனையாளரிடம் பாலிமரின் பெயரையும் கார்பன் டைஆக்சைடு அறிக்கையையும் கேட்டோம். அவர் அனுப்பியது ஓர் ஆய்வகச் சான்றிதழ். தூளில் தீங்கு செய்யும் கிருமிகள் இல்லை என்று மட்டுமே அதில் உள்ளது. ஒரு சிறு சோதனைக்கு மட்டும் இசைந்திருக்கிறார். அதை எப்படி நடத்தினால் பிறகு வாக்குவாதம் வராது?

மறுமொழி: நுண்ணோக்கி

அந்தச் சான்றிதழ் தூளைக் கையாள்பவருக்குப் பாதுகாப்பானது என்பதற்குத்தான் உதவும். சோதனைக்கு இரண்டு குழிகள் எடுங்கள். ஒன்றில் தூள் ஊறிய வெல்ல நீர், மற்றொன்றில் தூள் சேர்க்காத வெல்ல நீர். வெல்லமே மண்ணின் நுண்ணுயிர்களைப் பெருக்கிவிடும் என்பதால் இந்த இரண்டாம் குழி இல்லாத சோதனைக்குப் பொருளே இல்லை. உங்கள் வீடுகளில் சேர்ந்த பால் உறைகளையே பயன்படுத்துங்கள், அவர் கொண்டுவருவதை வேண்டாம். சோப்பு நீரில் கழுவி, நன்கு உலர்த்தி, நகைக்கடைத் தராசில் எடை பார்த்து, எண்ணிட்ட வலைப்பைகளில் இட்டுப் புதையுங்கள். அவர் சொன்ன ஆறு மாதம் கழித்து அதே முறையில் கழுவி உலர்த்தி எடை பாருங்கள். இரு குழிகளிலும் எடை மாறவில்லை என்றால் பேச்சு முடிந்தது. தூள் இட்ட குழியில் மட்டும் எடை குறைந்திருந்தால் அது சிதைவுக்குச் சான்றாகிவிடாது. அந்த உறைகளை அருகிலுள்ள பல்கலைக்கழக வேதியியல் துறைக்கு எடுத்துச் சென்று, சங்கிலியின் மூலக்கூறு எடை குறைந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை முன்பணம் எதுவும் கொடுக்க வேண்டாம்.